சியான் நகரத்தில் ஓர் 'இருக்கட்டுங்க'

கல்யாணத்துக்கு நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும் என்று நான் சொன்னபோது என் மகன் நவீன் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "ம்மா, வீடியோ கால் போதும். ஜியாவோட அப்பா அம்மா இருக்கறது சைனால. இங்க பக்கத்துல பரமட்டா இல்ல," என்றான்.

அவன் சிட்னியில் பிறந்தவன். சம்பந்தி வீட்டை வீடியோவில் அழைத்தேன் என்று தெரிந்தால் மதுரையில் என் பக்கத்து ஆட்கள் ஒருவரும் என்னோடு பேச மாட்டார்கள் என்பது அவனுக்குப் புரியாது. நம் ஊர்க் கடைகள் நிறைந்த ஹரிஸ் பார்க்கில் ஒரு பட்டுப்புடவை எடுத்தேன். குங்குமச் சிமிழ் ஒன்று வாங்கினேன். ஹோம்புஷில் இருக்கும் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து எவர்சில்வர் தாம்பாளத்தை இறக்கித் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். தட்டில்லாமல் வெறும் கையால் அழைப்பது எப்படி?

இதில் விளையாட்டாக இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. நவீன் கட்டிக்கொள்ளப்போகும் ஜியா, சீனாவிலிருந்து படிக்க வந்து சிட்னியிலேயே தங்கிவிட்ட பெண். கண் பரிசோதகராக வேலை பார்க்கிறாள்; எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அவள் அப்பா அம்மாவுக்கு அவள் ஒரே பிள்ளை. மார்ச்சில் நடக்கப்போகும் கல்யாணத்துக்கு வருவீர்களா என்று அவள் ஃபோனில் கேட்கும்போதெல்லாம் "பார்க்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வராவிட்டால் மண்டபமும் வேண்டாம், மணமேடையும் வேண்டாம், பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டுக்கொள்கிறோம் என்று ஜியா எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். வீட்டுக்குப் போய் அழுதாள் என்று நவீன் பிறகு சொன்னான். நவீன், ஜியா, நாங்கள் இருவர் என்று நாலு பேருக்கும் நான் டிக்கெட் எடுக்கச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஜியாவின் ஊரான சியான், சீனாவின் பழைய தலைநகரம். பல ராஜ வம்சங்கள் அங்கே உட்கார்ந்து ஆண்டிருக்கின்றன. ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி இன்னும் ஒரு கோட்டை மதில் நிற்கிறது. இதையெல்லாம் என் கணவர் விமானத்தில் படித்து எனக்கு வாசித்துக் காட்டினார். நான் தூங்கிக்கொண்டே ம் கொட்டினேன்.

இவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். கோயம்புத்தூர்க்காரர். யாராவது இவர் காலை மிதித்துவிட்டால், "பரவாயில்லீங்க, நான்தான் கால நீட்டிட்டேன்," என்று இவர் வருத்தப்படுவார். இத்தனை வருஷம் ஆஸ்திரேலியாவில் இருந்தும் அந்த 'ங்க' மட்டும் தேயவில்லை.

ஜியாவின் அப்பா அம்மா மாலை போடாத குறையாக எங்களை வரவேற்றார்கள். அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், உயரமானவர், பேச்சு குறைவு. அம்மா நூற்பாலையில் வேலை பார்த்தவர். என் கைப்பையை என்னிடமிருந்து பிடுங்கித் தானே தூக்கிக்கொண்டு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று மாடி ஏறினார். நான் ஒவ்வொரு தளத்திலும் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்புகளை ரசிப்பதுபோல நின்று மூச்சு வாங்கினேன்.

வீட்டுக்குள் போனதும் கையில் வெந்நீர். சீனாவில் யார் வீட்டுக்குப் போனாலும், எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் முதலில் வெந்நீர்தான் வருகிறது. "பாத்தியா, வெந்நீர்தான் நல்லதுன்னு எங்கம்மா சொல்லிட்டே இருந்தாங்க," என்று இவர் பெருமைப்பட்டுக்கொண்டார். வெந்நீரைத் தொடர்ந்து பூண்டும் மிளகாய்ப்பொடியும் மேலே போட்டு, அதன்மேல் காய்ந்த எண்ணெயைச் சுர்ரென்று ஊற்றிய நூடுல்ஸ் வந்தது. ஒவ்வொரு நூடுலும் இடுப்பு பெல்ட் அகலம். தாளிப்புச் சத்தம் கேட்டதும் எனக்கு இந்த வீட்டில் பெண் எடுக்கலாம் என்று தோன்றிவிட்டது.

இவர் ஒரு கிண்ணம் சாப்பிட்டார். ஜியாவின் அம்மா இரண்டாவது கிண்ணத்தோடு வந்தார். இவர் கையைக் குறுக்கே வைத்து, "இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க," என்றார். ஜியாவிடம் ஆங்கிலத்தில் போதும் என்றும் சொன்னார். ஜியா அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

அடுத்தது இன்னும் மோசம். ஜியாவின் அப்பா ஓர் அறைக் கதவைத் திறந்து காட்டினார். கட்டிலில் பூப்போட்ட கனமான மெத்தைப் போர்வை. ஹோட்டல் வேண்டாம், இங்கேயே தங்குங்கள் என்கிறார் என்று ஜியா சொன்னாள். எங்களுக்கு ஆசைதான். ஆனால் கேட்டவுடன் பெட்டியை உள்ளே வைப்பதா? "அதெல்லாம் எதுக்குங்க, உங்களுக்கு வீண் சிரமம்," என்று இவர் ஆரம்பித்தார். "நாங்க ஹோட்டல்லயே இருந்துக்குறோம்மா," என்று நானும் ஜியாவிடம் ஒத்துப் பாடினேன். ஜியா சொன்னாள். அப்பா தலையை ஆட்டினார். கதவைச் சாத்தினார். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு எங்களை ஹோட்டலில் கொண்டுவந்து விட்டார்.

"ரெண்டாவது தடவ கேக்கவே இல்லயே," என்றார் இவர், ஹோட்டல் கட்டிலில் உட்கார்ந்து நான் கொண்டுவந்திருந்த முறுக்கைக் கடித்தபடி.

"அவங்க ஊர் வழக்கம் அப்படி போல. உள்ளது உள்ளபடி பேசறவங்க," என்றேன். மனசுக்குள் கொஞ்சம் வலித்தது. மரியாதைக்குக் கேட்டார்கள், நாம் மறுத்ததும் அப்பாடா என்று விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் தாம்பாளத்தோடு கிளம்பினோம். மெட்ரோவில் போகலாம் என்றான் நவீன். அங்கே ஒவ்வொரு ஸ்டேஷனிலும் விமான நிலையம்போலப் பையைச் சோதிக்கிறார்கள். தாம்பாளம் திரையில் பெரிய கறுப்பு நிலாவாகத் தெரிந்தது. காவலுக்கு இருந்த பெண் அதை வெளியே எடுத்துத் தட்டிப் பார்த்தாள். டங்கென்று சத்தம் வந்தது. சரி என்று உள்ளே வைத்தாள். அடுத்து என் பாட்டிலை எடுத்து, ஒரு வாய் குடித்துக் காட்டச் சொன்னாள். தண்ணீர் பாட்டில் என்றால் அப்படித்தான் சோதிப்பார்களாம். அது தேங்காய் எண்ணெய்.

நான் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றித் தலையில் தேய்த்துக் காட்டினேன். வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஆர்வமாக எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பெண் முகர்ந்து பார்த்துவிட்டு, தன் தோழியைக் கூப்பிட்டு அவளையும் முகரச் சொன்னாள். நவீன் எங்களைத் தெரியாதவன்போலத் தூணோரம் நின்றிருந்தான்.

ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் ஒருவர் என் புடவை முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஜியாவிடம் விசாரணையை ஆரம்பித்தார். எந்த ஊர், என்ன வயது, எத்தனை பிள்ளைகள். ஒன்றுதான் என்று ஜியா சொன்னதும் அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்து ஏதோ கேட்டார். ஜியா சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள்: "எங்களுக்குச் சட்டம் இருந்தது, ஒன்றோடு நிறுத்தினோம். உங்களுக்கு என்ன வந்தது என்று கேட்கிறார் ஆன்ட்டி." மதுரையில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருப்பதுபோல எனக்கு நிம்மதியாக இருந்தது. ஹோம்புஷ் ரயிலில் இத்தனை வருஷத்தில் ஒருவர் இப்படிக் கேட்டதில்லை.

சம்பந்தி வீட்டில் தாம்பாளத்தில் புடவை, குங்குமம், வழியில் வாங்கிய பழங்கள் எல்லாம் அடுக்கி, இவரும் நானும் சேர்ந்து பிடித்து நீட்டினோம். "நீங்க ரெண்டு பேரும் வந்து நின்னாத்தான் கல்யாணம் கல்யாணமா இருக்கும்," என்றேன். ஜியா அதை மொழிபெயர்த்தாள்.

அம்மா புடவையை விரலால் வருடினார். ஜரிகையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தட்டிலேயே வைத்துவிட்டு நீளமாகப் பேசினார். ஜியா தரையைப் பார்த்துக்கொண்டு சுருக்கமாகச் சொன்னாள்: "வர முடியாதாம் ஆன்ட்டி. ரொம்ப தூரம். மொழி தெரியாது. வயதானவர்கள் வந்து உங்களுக்கெல்லாம் தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்கிறார்."

"சரிங்க, உங்க சௌகரியம்," என்று இவர் உடனே சொல்லிவிட்டார். கோயம்புத்தூர் மரியாதை. நானும் வாயை மூடிக்கொண்டேன். இல்லை என்பவரை வற்புறுத்துவது ஆஸ்திரேலியாவில் அநாகரிகம் என்று எனக்கும் பழகிப்போயிருந்தது. புடவையை வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். திரும்பி வரும்போது ஜியா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். எனக்குத் துக்கமாக இருந்தது. இவ்வளவு தூரம் வந்து காரியம் கெட்டுவிட்டதே என்று இவர்மேல் கோபமும் வந்தது, எனக்கே காரணம் தெரியாமல்.

மூன்றாம் நாள் காலையில் செய்ய வேறு காரியம் இல்லை. அதனால் ஊர் சுற்றினோம். பழங்காலச் சக்கரவர்த்தி ஒருவரின் சமாதிக்குக் காவலாகப் புதைத்த சுடுமண் வீரர் சிலைகளைப் பார்த்தோம். ஆயிரக்கணக்கில் வரிசை வரிசையாக நிற்கிறார்கள், ஒரு முகம்போல இன்னொன்று இல்லை என்று எல்லோரும் வியக்கிறார்கள். எனக்கு எல்லாம் தெரிந்த முகங்களாகத்தான் பட்டன. திங்கட்கிழமை காலை ஹோம்புஷ் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் அப்படியே அதே மூஞ்சியோடுதான் நிற்பார்கள்.

மத்தியானம் மதில்மேல் சைக்கிள். மதிலின் மேற்பரப்பு ஒரு நல்ல சாலை அகலம். வாடகைக்கு இரட்டை சைக்கிள் கிடைக்கிறது. இவர் முன்னால், நான் பின்னால். பழைய செங்கல் தளம் என்பதால் பல் ஆடுகிறது. பாதி தூரத்தில் என் பெடல் லேசாகச் சுற்றுகிறதே என்று சந்தோஷப்பட்டேன். பார்த்தால் சங்கிலி கழன்று தொங்குகிறது. அடுத்த வாசல்வரை தள்ளிக்கொண்டே போனோம். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்த இடத்தில் இருந்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்டார். அவரும் இவரிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பிரித்து அழைத்துவர வேண்டியிருந்தது.

சாயங்காலம் நவீனும் இவரும் ஹோட்டலில் காலை நீட்டிப் படுத்துவிட, ஜியாவோடு நான் மட்டும் அவள் வீட்டுக்குப் போனேன். கட்டட வாசலில் இரண்டு பெண்மணிகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையில் ஒரு பை. அதை மற்றவர் மார்பில் வைத்துத் திணிக்கிறார். அவர் கத்திக்கொண்டே தள்ளிவிடுகிறார். பைக்காரர் மறுபடி திணிக்கிறார். அவர் ஓடுகிறார். பைக்காரர் துரத்துகிறார். கடைசியில் பையை அவருடைய சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டு எடுத்தார் ஓட்டம். மாட்டிக்கொண்டவர் பின்னாலிருந்து திட்டினார். பிறகு பையைத் திறந்து பார்த்துச் சிரித்தார்.

"என்ன தகராறு?" என்றேன்.

"தகராறெல்லாம் இல்லை ஆன்ட்டி. மாதுளம்பழம். கொடுத்தவரின் தங்கை தோட்டத்தில் காய்த்ததாம்."

"இவங்க வேண்டாம்னுதானே கத்தினாங்க?"

"முதல் தடவை எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கொடுத்ததும் வாங்கிக்கொண்டால் அலைகிறவள் என்று நினைக்க மாட்டார்களா?"

நான் நடுவழியில் நின்றுவிட்டேன். இது எங்கள் வீட்டுச் சண்டை. ஹரிஸ் பார்க் இனிப்புக் கடை வாசலில் என் நாத்தனாரோடு நான் போடும் அதே சண்டை. "ஜியா, உங்கப்பா அந்த ரூமைக் காட்டினப்போ நாங்க வேண்டாம்னோமே. அவர் ஏன் இன்னொரு தடவ கேக்கல?"

ஜியாவின் முகம் சிவந்துவிட்டது. "நான்தான் சொல்லி வைத்திருந்தேன். ஆஸ்திரேலியாவில் ஒரு தடவைதான் கேட்பார்கள், மறுத்தால் விட்டுவிட வேண்டும், வற்புறுத்தினால் அவர்களுக்குப் பிடிக்காது என்று. நான் சிட்னிக்கு வந்த புதிதில் தோழி வீட்டில் கேக் வேண்டுமா என்றார்கள். வேண்டாம் என்றேன். எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். பசியோடு வீடு திரும்பினேன். அதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டேன்."

"எனக்கும் அதே கதைதான்மா. ஆபீஸ்ல டீ வேணுமான்னு கேட்டாங்க. வேண்டாம்னேன். அந்த ஆபீஸ்ல இருந்த வரைக்கும் அப்புறம் யாருமே கேக்கல."

இரண்டு பேரும் வாசல்படியில் நின்று சிரித்தோம். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா உங்களுக்காகப் புதுப் போர்வை வாங்கினாள் ஆன்ட்டி. பஞ்சு போதவில்லை என்று திருப்பிக் கொடுத்து இன்னொன்று வாங்கினாள். நீங்கள் ஹோட்டலுக்குப் போன அன்று அதை மடித்து உள்ளே வைத்துவிட்டாள்."

அதுவரை கேட்கத் தோன்றாததைக் கேட்டேன். "அப்போ உங்கம்மா வர முடியாதுன்னது? அது எந்த 'முடியாது'?"

ஜியா யோசித்தாள். "தெரியவில்லை," என்றாள். "எனக்கே தெரியவில்லை ஆன்ட்டி. நிஜமாகவே முடியாது என்றால்? மறுபடி கேட்டு, அதே பதிலை இன்னொரு தடவை காதில் வாங்க எனக்குத் தைரியம் இல்லை."

"நான் கேக்கறேன். நீ சொன்னா மட்டும் போதும்," என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் பயம்தான்.

மறுநாள் மத்தியானம் ஜியாவின் அப்பா எங்களை ஒரு பழைய சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு விநோதம். ஆளுக்கு ஒரு காலிக் கிண்ணமும் கல்போன்ற வட்ட ரொட்டியும் முன்னால் வைக்கிறார்கள். ரொட்டியை நாமே கிள்ளிக் கிள்ளிப் பொடிக்க வேண்டும். மொச்சைப் பருப்பு அளவுக்கு வந்த பிறகு கிண்ணத்தைச் சமையலறைக்கு எடுத்துப்போய், ஆட்டுக்கறிக் குழம்பில் கொதிக்கவைத்துத் திரும்பக் கொண்டுவருவார்கள். யாரும் அவசரப்படுவதில்லை. கிள்ளிக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறார்கள்.

பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்து வளர்ந்த எங்களுக்கு இது ஒரு வேலையா? இவருடைய கிண்ணத்தைப் பார்த்து ஜியாவின் அப்பா கட்டைவிரலை உயர்த்தினார். நவீன் மட்டும் நாலே கிள்ளில் முடித்துவிட்டு ஃபோனை எடுத்தான். துண்டுகள் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. ஜியாவின் அப்பா எட்டி அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்து மறுபடி கிள்ள ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்குக் குழம்பு ஊறாதே என்ற கவலை. நவீன் ஃபோனை உள்ளே வைத்துவிட்டான்.

எனக்குத் தைரியம் வந்தது அதைப் பார்த்துத்தான். "ஜியா, அம்மாகிட்ட சொல்லு. அவங்க வந்தே ஆகணும்."

அம்மா ரொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார். "தூரம் என்கிறார்," என்றாள் ஜியா.

"தூரம்தான். நாங்க இவ்வளவு தூரம் வந்திருக்கோமே. அவங்க வரலன்னா எனக்கு அங்க பேசிக்க யாரு? என் கூடவே உக்காந்துக்கட்டும்."

"விமானத்தில் ஏறியதே இல்லையாம். தொந்தரவு என்கிறார்." ஜியாவின் கை ரொட்டியைக் கிள்ளுவதை நிறுத்திவிட்டது. இவர் மேசைக்குக் கீழே என் புடவையை இழுத்தார், போதும் விடு என்று. நான் விடவில்லை.

"என்ன தொந்தரவு? எங்க வீட்ல ஒரு ரூம் அவங்களுக்குன்னே இருக்கு. ஹோட்டல் கீட்டல்னு சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். நீ அப்படியே சொல்லும்மா, கோவம் வரும்னு சொல்லு."

ஜியா சொன்னாள். அம்மா கிள்ளுவதை நிறுத்தினார். முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என் முகத்தை எவ்வளவு கோபமாக வைத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு கோபமாக வைத்துக்கொண்டேன். அவர் தன் கணவரைப் பார்த்தார். அவர் நவீனின் கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அம்மா திரும்பி என்னிடமே, எனக்குச் சீன மொழி தெரியும் என்பதுபோல, ஏதோ கேட்டார்.

ஜியா மொழிபெயர்க்கவில்லை. அவள் கண்ணிலிருந்து நீர் ரொட்டிப் பொடியில் விழுந்துகொண்டிருந்தது. "என்னம்மா? என்ன சொன்னாங்க?" என்று நான் பதறினேன்.

"மார்ச் மாதத்தில் அங்கே குளிருமா என்று கேட்கிறாள். பஞ்சு வைத்த கோட்டு எடுத்து வர வேண்டுமா என்று."

நானும் அழுதேன், வெட்கமில்லாமல், கடை நடுவில். நவீன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டான். கிண்ணங்களை எடுக்க வந்த பெண் எங்களைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்பதுபோல நகர்ந்துபோனாள்.

அன்றே ஹோட்டலைக் காலி செய்துவிட்டுச் சம்பந்தி வீட்டுக்குப் பெட்டியோடு போனோம். போர்வை மறுபடி கட்டிலுக்கு வந்திருந்தது. சாயங்காலம் மறுபடி அதே நூடுல்ஸ், அதே சுர்ர் சத்தம். இவர் முதல் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் முடித்தார். ஜியாவின் அம்மா இரண்டாவது கிண்ணத்தோடு வந்து நின்றார்.

பழக்கதோஷம். கை தானாகக் குறுக்கே போனது. "ஐயோ, எனக்கெதுக்குங்க, இருக்கட்டுங்க, போதுங்க," என்றார் இவர்.

ஜியா அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அம்மா இவர் கையைத் தட்டிவிட்டுக் கிண்ணத்தை முன்னால் வைத்தார்.

"என்னம்மா சொன்னே?" என்று கேட்டார் இவர்.

"இன்னொரு கிண்ணம் கேட்கிறீர்கள் என்று சொன்னேன் அங்கிள்," என்றாள் ஜியா.